மாமனாருக்கு அமெரிக்காவிலிருந்து பாட்டில் ‘பூஸ்ட்’ வந்திருக்கிறது. எப்படிக் கொடுப்பது?

கேத்தி மருமகள் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

மாமாவுக்கு 76 வயது. ஆடி மழையில் வாசல்படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, கோவையில் ஆபரேஷன் ஆனது. வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. விழுவதற்கு முன் 61 கிலோ இருந்தவர், போன வாரம் எடை பார்த்தால் 51. கையைத் தூக்கினால் வாட்ச் முழங்கை வரை இறங்குகிறது. கேட்டால் “பசிக்கலம்மா” என்பதோடு சரி. சர்க்கரை உண்டு. மாத்திரைதான், ஊசி இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் என் கொழுந்தனார் தெரிந்தவர் மூலம் இரண்டு பெட்டி கொடுத்தனுப்பினார். திறந்தால் பூஸ்ட். ஆனால் தூள் இல்லை, சின்னச் சின்ன பாட்டிலில் திரவமாக. ஒரு பாட்டில் 237 மில்லி, 240 கலோரி, புரதம் 10 கிராம் என்று போட்டிருக்கிறது. மாமியார் வழக்கம்போலப் பாலைக் காய்ச்சி, அதில் இதை ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். மாமா இரண்டு மடக்கு குடித்துவிட்டு, திகட்டுகிறது என்று டம்ளரைத் தள்ளிவிட்டார்.

இதைச் சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்கலாமா? நாளுக்கு எத்தனை? சர்க்கரை ஏறுமா? கொடுக்காமல் வைத்திருந்தால், அடுத்த ஞாயிறு வீடியோ காலில் “அண்ணி, எத்தனை பாட்டில் காலியாச்சு?” என்று கேள்வி வரும். அதையும் மனதில் வைத்துப் பதில் சொல்லுங்கள்.

மஞ்சூர் மணி | ஞாயிறு, இரவு 10.05

பூஸ்டில் பூஸ்ட் கலந்து குடித்தால் மாமா திங்கட்கிழமை கபில்தேவ் மாதிரி பந்து வீசுவார் அக்கா. ஜாக்கிரதை.

விளையாட்டுக்குச் சொன்னேன். பெயர் மட்டும்தான் ஒன்று, சரக்கு வேறு. நம்ம ஊர் பூஸ்ட் மால்ட் தூள், இந்துஸ்தான் யூனிலீவர் விற்பது. அமெரிக்காவில் அதே பெயரில் நெஸ்லே விற்பது இந்த பாட்டில். அங்கே வயதானவர்களுக்கும் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் என்றே கடையில் தனி அடுக்கில் வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே என்ஷூர் பாட்டிலும் இருக்கும். அப்படியே குடிக்க வேண்டியது, பாலில் கலக்க வேண்டியதில்லை.

மாத்திரைக் கடை தாத்தா | திங்கள், காலை 6.15

குன்னூரில் நாற்பது வருஷம் மருந்துக் கடையில் நின்றவன். ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா.

இரண்டு மூன்று மாதத்தில் பத்து கிலோ இறங்கியிருக்கிறது. நீ பாட்டிலைப் பற்றிக் கேட்கிறாய். முதலில் ஏன் இறங்கியது என்று பார். இருமல் இருக்கிறதா? சாயங்காலக் காய்ச்சல்? மலச்சிக்கல்? வலி மாத்திரை இன்னும் ஓடுகிறதா? தைராய்டு எப்போது பார்த்தது? சர்க்கரைக்குப் போடுவது மெட்பார்மின் என்றால் அதுவே சிலருக்குப் பசியைக் கொல்லும். எல்லாச் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஒருமுறை டாக்டரிடம் போ. இதைச் செய்யாமல் பாட்டில் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

இன்னொன்று. பல் செட் வைத்திருக்கிறாரா? வைத்திருந்தால் அது பொருந்துகிறதா?

தினையும் தேனும் | திங்கள், காலை 8.30

இந்த பாட்டில் எல்லாம் எதற்கு? பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படித்தீர்களா? தண்ணீர், குளுக்கோஸ் சிரப், சர்க்கரை, எண்ணெய், பாலிலிருந்தும் சோயாவிலிருந்தும் பிரித்தெடுத்த புரதம், கெட்டிப்படுத்த ஒன்று, மணத்துக்கு ஒன்று. இதற்குப் பெயர் ஊட்டச்சத்தா? கோத்தகிரியில் எங்கள் ஹட்டியில் (படுகர் ஊரில்) 90 வயதில் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிற பாட்டிகள் இருக்கிறார்கள். ராகிக் களியும் அவரையும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. சத்துமாவு அரைத்துக் கஞ்சி கொடுங்கள். பத்து நாளில் எழுந்து நடப்பார்.

சாப்பாட்டுக் கணக்கு | திங்கள், மதியம் 2.10

நான் கோவையில் ஒரு மருத்துவமனையில் டயட்டீஷியன், சொந்த ஊர் வெலிங்டன். கேத்தி அக்கா, ஒரு உதவி வேண்டும். நேற்று மாமா என்ன சாப்பிட்டார் என்பதை, காலை எழுந்ததிலிருந்து வாயில் போன ஒவ்வொன்றையும் அப்படியே எழுதுங்கள். எவ்வளவு பரிமாறினீர்கள் என்பது வேண்டாம். எவ்வளவு உள்ளே போனது என்பதுதான் வேண்டும்.

தினையும் தேனும் சார், சத்துமாவு மேல் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 30 கிராம் மாவில் புரதம் மூன்று நான்கு கிராம்தான் வரும். தண்ணீரில் காய்ச்சினால் அதோடு முடிந்தது. ஒரு டம்ளர் பாலில் காய்ச்சினால் இன்னும் ஆறு கிராம் சேரும். “சத்துமாவு கொடுக்கிறோம் மேடம்” என்று வருகிற பாதிப் பேர் தண்ணீரில், அதுவும் ரசம் பதத்தில் கொடுக்கிறார்கள்.

கேத்தி மருமகள் | திங்கள், இரவு 9.15

எழுதிவிட்டேன். எழுதும்போதே எனக்குச் சுருக்கென்றது.

காலை 6 மணி டீ. 8.30க்கு இட்லி ஒன்றரை, சாம்பார் கொஞ்சம். 11 மணி டீ, இரண்டு வர்க்கி (நம்ம ஊர் மொறுமொறு பிஸ்கட்). மதியம் ஒரு கரண்டி சாதம், ரசம், உருளைக்கிழங்கு வறுவல் நான்கு துண்டு. பீன்ஸ் பொரியலை ஓரமாக ஒதுக்கிவிட்டார். 3.30 டீ. 5 மணி டீ, ஒரு வர்க்கி. இரவு ரவைக் கஞ்சி அரை டம்ளர். படுக்கும் முன் இன்னொரு டீ.

பல் செட் பற்றிக் கேட்ட தாத்தாவுக்கு: இன்று கவனித்துப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்ததும் செட்டைக் கழற்றி ஜன்னலோரம் எவர்சில்வர் டம்ளரில் போட்டுவிடுகிறார். “லொட லொடன்னு ஆடுதும்மா, ஈறு அறுக்குது” என்றார். இரண்டு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், என் கண்ணில் படவில்லை. வர்க்கியை மட்டும் டீயில் முக்கி, கரையும் வரை பார்த்துக்கொண்டிருந்து, ஸ்பூனால் எடுத்துச் சாப்பிடுகிறார். அது ருசிக்காக என்று நினைத்திருந்தேன்.

மாத்திரைக் கடை தாத்தா | செவ்வாய், காலை 6.05

உடம்பு இளைத்தால் ஈறும் இளைக்கும். செட் பெரிதாகிவிடும். புது செட் வேண்டியதில்லை, பழையதையே உள்பக்கம் நிரப்பிச் சரிசெய்து தருவார்கள். பல் டாக்டரிடம் போ. பீன்ஸை ஏன் ஒதுக்கினார் என்று இப்போது தெரிந்ததா?

சாப்பாட்டுக் கணக்கு | செவ்வாய், மதியம் 1.50

அக்கா, உங்கள் பட்டியலைக் கூட்டினேன். புரதம் 25 கிராம், மிஞ்சினால் 30. அதில் கணிசமான பங்கு டீயில் இருக்கிற பால்.

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020 கணக்குப்படி ஆரோக்கியமான ஒருவருக்கு உடல் எடை கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களுக்கு, அதிலும் எலும்பு முறிந்து தேறி வருகிறவர்களுக்கு, நாங்கள் 1.2 கிராம் வரை வைத்துக்கொள்கிறோம். 51 கிலோவுக்கு 60 கிராம். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று கிரியாட்டினின் பார்த்த பிறகுதான் இது. அதாவது வேண்டியதில் பாதிதான் போகிறது. மீதிக்கு உடம்பு தொடைத் தசையைக் கரைத்துக்கொள்கிறது.

இப்போது பாட்டில். 10 கிராம் புரதம், 240 கலோரி என்பது குறைவில்லை. நம்ம ஊர் மால்ட் பானத்தில் இரண்டு கரண்டித் தூளுக்கு மூன்று கிராம் வந்தால் அதிகம். ஆனால் இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடுகிறது. அதனால் பாட்டிலில் மந்திரம் எதுவும் இல்லை. மெல்ல முடியாத, சமைத்ததைப் பார்த்தாலே முகம் சுளிக்கிற ஒருவருக்கு, கொஞ்ச அளவில் நிறைய உள்ளே போகிறது. அதுதான் அதன் பெருமை.

சாப்பாட்டுக்குப் பதிலாகக் கொடுக்காதீர்கள். எங்களிடம் வருகிற வீடுகளில் அதிகம் நடக்கிற தவறு இதுதான். காலை எட்டு மணிக்கு ஒரு பாட்டில் கொடுப்பார்கள், வயிறு நிறைந்துவிடும், இட்லி அப்படியே இருக்கும். 240 கலோரி கொடுத்து 300 கலோரியைப் பறிகொடுத்த கதை. சாப்பாட்டுக்கு ஒன்றரை மணி நேரமாவது முன்னால், இல்லையென்றால் சாப்பிட்ட பிறகு, இல்லையென்றால் படுக்கப் போகும்போது கொடுங்கள்.

முழு பாட்டிலையும் ஒரே மூச்சில் குடிக்க வைக்க வேண்டாம். வெளிநாட்டு மருத்துவமனைகளில் ஒரு பழக்கம் உண்டு. மாத்திரை கொடுக்கும்போது தண்ணீருக்குப் பதிலாக இப்படிப்பட்ட பானத்தில் 60 மில்லி, நாளைக்கு நான்கு வேளை. மருந்து மாதிரி சின்னக் கப்பில் வந்தால் மறுக்காமல் குடித்துவிடுவார்கள். நாலு அறுபது, ஏறக்குறைய உங்கள் ஒரு பாட்டில். சர்க்கரைக்கும் இதுதான் நல்லது, ஏனென்றால் உங்கள் பாட்டில் சாதா வகை. ஒன்றில் மாவுச்சத்து 35 கிராமுக்கு மேல் இருக்கும். சர்க்கரைக்காரர்களுக்கென்று தனி வகைகள் உண்டு, குளுசெர்னா மாதிரி. வந்ததை வீணாக்க வேண்டாம், பிரித்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். எண்களை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரைக் கடை தாத்தா | செவ்வாய், இரவு 7.30

டயட்டீஷியன் அம்மா சொன்னது சரி. ஆனால் எல்லா மாத்திரைக்கும் அது பொருந்தாது. தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில் தண்ணீரோடுதான், இந்த பானத்துக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் இருக்கிற எதோடும் சிப்ரோபிளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் சேராது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே கூடாது, இதில் வைட்டமின் கே இருக்கும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதால் சொல்கிறேன், அந்தச் சீட்டைப் பார்.

அப்புறம் அந்த ஐந்து டீ! சாப்பாட்டோடு ஒட்டி டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேராது. நம்ம மலையில் யாரிடம் சொல்லி யார் கேட்கிறார்கள்.

கூடலூரான் | செவ்வாய், இரவு 10.20

இதைப் படிக்கிற சிறுநீரக நோயாளி வீட்டுக்காரர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. எங்கள் அம்மா டயாலிசிஸில் இருக்கிறார். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறை குறை என்றார்கள். தொடங்கிய பிறகு கூட்டு கூட்டு என்கிறார்கள். முதலில் எங்களுக்குத் தலை சுற்றியது. டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் வெளியே போய்விடுமாம், அதனால்தான். அவருக்கு நெப்ரோ என்று தனி வகை. பொட்டாசியம், பாஸ்பரஸ் குறைவு, கொஞ்ச அளவில் கலோரி அதிகம், ஏனென்றால் அவருக்குத் தண்ணீரே அளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் மீந்ததைக் கொடுத்தார் என்று சாதா பானத்தை ஒருமுறை கொடுத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

தினையும் தேனும் | புதன், காலை 8.10

பாட்டிலில் மந்திரம் எதுவும் இல்லை என்று மேடமே சொல்லிவிட்டார். அப்புறமும் வெள்ளைக்காரன் கணக்கில் கிராம் கிராமாக அளந்துதான் சோறு போட வேண்டுமா?

பெட்போர்டு வாசி | புதன், காலை 11.45

வெள்ளைக்காரன் கணக்குதான், ஆனால் அது போடப்பட்ட இடம் நம்ம குன்னூர் சார். 1918இல் ராபர்ட் மெக்கேரிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர் இங்கே பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) ஆராய்ச்சி என்று தொடங்கினார். அது வளர்ந்து ஊட்டச்சத்து ஆராய்ச்சிக்கூடமாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போனது. 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் மாறியது. ஐசிஎம்ஆர் கணக்கு என்று மேடம் சொன்னார்களே, அதைப் போடுவது அந்த நிறுவனம்தான். சிம்ஸ் பூங்காவுக்குப் போகிற பாதி பேர் எதிரே இருக்கும் கட்டடத்தை நாய்க்கடி ஊசி தயாரித்த இடம் என்று மட்டும்தான் அறிவார்கள்.

மெக்கேரிசன் இந்தியாவின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாட்டைத் தின்ற எலிகள் கொழுகொழுவென்று இருந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த மெட்ராஸ் சாப்பாட்டு எலிகள் பட்டியலின் அடியில். ஒரு கரண்டி சாதமும் ரசமும் என்று படித்ததும் எனக்கு அந்த எலிகள்தான் நினைவுக்கு வந்தன. அக்கா மன்னிக்கவும்.

தினையும் தேனும் | புதன், மதியம் 12.30

அந்த எலிகள் தின்றது ரொட்டியும் பாலும் காய்கறியும்தானே? பாட்டில் குடிக்கவில்லையே?

பெட்போர்டு வாசி | புதன், மதியம் 12.41

அந்த எலிகளுக்குப் பல் இருந்தது சார்.

மஞ்சூர் மணி | புதன், மதியம் 12.50

நூறு வருஷம் கழித்தும் குன்னூர் எலி கோத்தகிரிக்காரரைக் கடிக்கிறது.

கேத்தி மருமகள் | 12 நாள் கழித்து, இரவு 9.50

பதில் போடத் தாமதம். டாக்டரிடம் போய் வந்தோம். தைராய்டு, கிரியாட்டினின், மார்பு எக்ஸ்ரே எல்லாம் சரி. வலி மாத்திரையை நிறுத்தினார். மெட்பார்மினைச் சாப்பாட்டோடு கொடுக்கும்படி மாற்றினார். இதுவரை வெறும் வயிற்றில் கொடுத்துக்கொண்டிருந்தோம். வார்பரின் இல்லை. பல் செட் சரிசெய்யக் கொடுத்து வாங்கியாகிவிட்டது.

பாட்டில் கதை: முதல் நாள் அவசரப்பட்டு நாலு மணிக்கு முழு பாட்டிலும் கொடுத்தேன், வர்க்கியோடு. இரண்டு மணி நேரம் கழித்துக் குத்தினால் 248. மறுநாளிலிருந்து நாலாகப் பிரித்தேன். வர்க்கி நேரத்தில் கொடுப்பதில்லை. இப்போது 170, 180 என்று நிற்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, போகட்டும் என்றார்.

இன்னொரு சந்தேகம். இங்கே காலையில் குளிர் தாங்கவில்லை, பாட்டிலைக் கையில் பிடித்தாலே ஐஸ். மாமா வேண்டாம் என்கிறார். அடுப்பில் வைத்துக் காய்ச்சலாமா? திறந்த பாட்டிலை வெளியிலேயே வைக்கலாமா? இந்தக் குளிருக்கு பிரிட்ஜ் எதற்கு என்கிறார் மாமியார்.

சாப்பாட்டுக் கணக்கு | மறுநாள், மதியம் 2.20

காய்ச்ச வேண்டாம். கொதித்தால் புரதம் திரிந்து கெட்டியாகும், சில வைட்டமின்களும் போகும். அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீர்ப் பாத்திரத்தில் அந்த வேளைக்கு வேண்டிய 60 மில்லியை ஒரு கிண்ணத்தோடு ஐந்து நிமிடம் வைத்து எடுங்கள், போதும். நன்றாகக் குலுக்கி ஊற்றுங்கள், அடியில் தங்கும்.

திறக்காத வரை வெளியில் இருக்கலாம், அது கிருமி நீக்கி அடைத்தது. திறந்ததும் மூடி பிரிட்ஜில், 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். கேத்திக் குளிர் விடிகாலையில்தான், மதியம் வெயில் ஜன்னலில் அடிக்கும்போது பிரிட்ஜ் அளவு குளிர் இருக்காது. உறைபனி விழும் நாளில் பெட்டியை வராந்தாவில் போட்டுவிடாதீர்கள், உறைந்தால் பிரிந்துவிடும். பெட்டியில் தேதி பார்க்கும்போது மாதம் முன்னால், நாள் பின்னால் இருக்கலாம், அமெரிக்கப் பழக்கம்.

டீயை நிறுத்தச் சொல்லி நான் யாரோடும் போராடுவதில்லை. தண்ணீர் சேர்க்காத பாலில் போடுங்கள், கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு ஸ்பூன் கலந்துவிடுங்கள். ஒரு டம்ளருக்கு ஐந்து கிராம் புரதம் சத்தமில்லாமல் கூடும். கஞ்சியிலும் அப்படியே. பருப்பைக் குக்கரில் இரண்டு விசில் கூட விடுங்கள். ஊட்டிப் பக்கம் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், பாத்திரத்தில் வேகவைத்த பருப்பு வயதானவர்களுக்கு அரைவேக்காடுதான்.

முக்கியமானதை மறந்துவிட்டேன். கால் வேலை செய்யாமல் புரதம் மட்டும் போனால் தசையாக மாறாது. பிசியோ சொல்லிக் கொடுத்தபடி நாற்காலியிலிருந்து கையை ஊன்றி எழுந்து உட்காரச் சொல்லுங்கள். ஐந்து தடவை, ஒரு நாளில் மூன்று வேளை.

கூடலூரான் | அன்று இரவு 8.00

அக்கா, பெட்டி தீர்ந்ததும் இங்கே தூள் டப்பா வாங்குவீர்கள். அதில் ஒரு விஷயம். என்ஷூர் மாதிரி தூளில் உள்ளே இருக்கும் கரண்டியால் ஒரு வேளைக்கு ஐந்தாறு கரண்டி போட வேண்டியிருக்கும். நாங்கள் ஹார்லிக்ஸ் பழக்கத்தில் ஒரு கரண்டி போட்டுக் கொடுத்துவிட்டு, டப்பா இரண்டு மாதம் வருகிறதே என்று சந்தோஷப்பட்டோம்.

மாத்திரைக் கடை தாத்தா | அன்று இரவு 8.25

கடையில் நான் பார்த்த கதைகளில் இதுதான் முதலிடம். விலையைப் பார்த்ததும் கை சுருங்கும். ஹார்லிக்ஸின் வகைப் பெயரிலிருந்தே 2024இல் ‘ஹெல்த்’ என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, வேறு வகைப் பெயர் போட்டுத்தான் விற்கிறார்கள். வீட்டில் யார் கவனித்தார்கள்?

கேத்தி மருமகள் | ஆறு வாரம் கழித்து, இரவு 9.30

யாராவது இந்த இழையைப் பார்ப்பீர்களா தெரியவில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன்.

மாமா இப்போது 52.8 கிலோ. பெரிய ஏற்றம் இல்லை, ஆனால் இறங்குவது நின்றுவிட்டது என்று டாக்டருக்குத் திருப்தி. காலையில் இரண்டு முட்டை, வேகவைத்து மசித்து, மிளகு தூவி. மதியம் பருப்புச் சாதத்தில் நெய். சத்துமாவுக் கஞ்சியும் உண்டு தினையும் தேனும் சார், பாலில். பாட்டில் இரவு மட்டும், அதுவும் பாதி. நேற்று அவரே வாக்கரைப் பிடித்துச் சமையலறை வரை வந்து, வெந்நீர் எங்கே என்று கேட்டார். பீன்ஸைச் சாப்பிடுகிறார். டீ ஐந்திலிருந்து நாலு. வர்க்கியை இப்போதும் முக்கித்தான் சாப்பிடுகிறார், செட் சரியான பிறகும். அது ருசிக்காகத்தான் போலிருக்கிறது.

பாட்டில் ஒன்பது மீதி இருக்கிறது. கொழுந்தனார் இன்னும் இரண்டு பெட்டி கொடுத்தனுப்பவா என்றார். வேண்டாம், மாமாவுக்கு நல்ல வாக்கர் ஒன்று, ரப்பர் அடி தேயாததாகப் பார்த்து அனுப்புங்கள் என்றேன்.

மாத்திரைக் கடை தாத்தா | மறுநாள், காலை 6.10

வாக்கர் குன்னூரிலேயே கிடைக்கும். பணத்தை அனுப்பச் சொல்.